குளத்து ஐஸில் பிறந்த ஹாக்கி: சிம்லா தொடங்கியது, லடாக் வளர்த்தது

வடலூர்ல இருந்து பேசறேன். வெளியே தைப்பூசத்துக்குப் பந்தல் போட்டுக்கிட்டிருக்காங்க. நடுவுல சுத்தியல் சத்தம் கேட்டா பொறுத்துக்குங்க.

போன மாசம் நெய்வேலி டவுன்ஷிப்ல இருந்து ஒரு நேயர் கேள்வி ஒண்ணு அனுப்பியிருந்தார். அவரோட தங்கச்சி குடும்பம் கனடாவில, ஸ்கார்பரோவில இருக்கு. வீடியோ கால்ல தங்கச்சி பையன், "ஹாக்கி ப்ராக்டிஸ் இருக்கு மாமா, அப்புறம் பேசறேன்"னு சொல்லியிருக்கான். இவருக்கு ஒரே சந்தோஷம். கோவில்பட்டி, 1980 மாஸ்கோவில தங்கம் வாங்கின கேப்டன் பாஸ்கரன், தன்ராஜ் பிள்ளைன்னு அடுக்க ஆரம்பிச்சாராம். பையன் முழிச்சிருக்கான். கனடாவில ஹாக்கின்னா ஐஸ் மேல ஆடறது மட்டும்தான். நம்ம ஹாக்கிக்கு அங்கே 'ஃபீல்டு ஹாக்கி'ன்னு தனிப் பேர். நேயர் கேட்ட கேள்வி இதுதான்: "இந்தியாவில ஐஸ் ஹாக்கி இருக்கா சார்? இருந்தா யார் ஆரம்பிச்சது?"

இருக்கு. யார் ஆரம்பிச்சதுங்கறதுக்குச் சுலபமான பதில் சிம்லா, 1920, வெள்ளைக்காரர்கள். தப்பான பதில் இல்லை. ஆனா அந்தப் பதிலோட நிறுத்தினா, இன்னைக்கு இந்திய ஜெர்சி போட்டு ஐஸ் மேல ஆடறவங்க யார்னு விளங்காது. அவங்க கிட்டத்தட்ட எல்லாருமே லடாக்காரங்க. 2011 கணக்கெடுப்புப்படி லடாக்கோட மொத்த ஜனத்தொகை 2.74 லட்சம். நம்ம கடலூர் மாவட்டம் 26 லட்சம். அதாவது நம்ம மாவட்டத்தில பத்தில ஒரு பங்கு ஜனம் இருக்கிற ஒரு பிரதேசம்தான் இந்தியாவுக்கே ஐஸ் ஹாக்கி அணியைக் கொடுக்குது. அது எப்படி நடந்தது?

முதல்ல கனடாவில இருந்து வருவோம். 1872 ஜனவரியில, தைப்பூசத்தன்னைக்கு, வள்ளலார் இங்கே சத்திய ஞான சபையைத் திறந்தார். அதே 1872ல டஃபரின் பிரபு கனடாவுக்கு கவர்னர் ஜெனரலாகப் போனார். ஒட்டாவாவில தன் மாளிகைத் தோட்டத்திலேயே ஒரு ஸ்கேட்டிங் ரிங்க் போட்டார். மூணு வருஷம் கழிச்சு, 1875 மார்ச் 3 அன்று, மான்ட்ரியல் நகரத்தில விக்டோரியா ஸ்கேட்டிங் ரிங்க்ல, கூரைக்குக் கீழே முதல் ஐஸ் ஹாக்கி ஆட்டம் நடந்தது. ஒரு பக்கத்துக்கு 9 பேர். பந்து எகிறி வேடிக்கை பார்க்கறவங்க மேல விழக்கூடாதுன்னு, பந்துக்குப் பதிலா தட்டையா வட்டமா ஒரு மரத்துண்டு. இன்னைக்கு 'பக்'னு சொல்றாங்களே, அந்த ரப்பர் வட்டுக்கு முன்னோடி அதுதான்.

அந்த டஃபரின் 1884ல இந்தியாவுக்கு வைஸ்ராயா வந்துட்டார்! சிம்லாவில இருக்கிற அந்தப் பெரிய வைஸ்ராய் மாளிகையைக் கட்டினவர் அவர்தான். அவருக்கு அடுத்து வந்த லான்ஸ்டவுனும் கனடாவில கவர்னர் ஜெனரலாக இருந்துட்டு நேரா இங்கே வந்தவர். லான்ஸ்டவுன் காலி பண்ணின நாற்காலியில கனடாவில போய் உட்கார்ந்தவர் ஸ்டான்லி பிரபு. ஐஸ் ஹாக்கியில உலகத்துக்கே பெரிய பரிசான ஸ்டான்லி கோப்பை அவர் கொடுத்தது. அவர் மகள் இசபெல் அந்த ஒட்டாவா தோட்ட ரிங்க்ல ஹாக்கி ஆடின பெண்கள்ல ஒருத்தர். இதை ஞாபகம் வெச்சுக்குங்க, பெண்கள் விஷயத்துக்கு அப்புறம் வருவோம்.

இன்னும் இருக்கு. டிஎன்பிஎஸ்சி படிக்கிற பிள்ளைகளுக்கு மிண்டோ–மார்லி சீர்திருத்தம், 1909னா தூக்கத்திலயும் வரும். அந்த மிண்டோவும் கனடாவில இருந்து வந்தவர்தான். சும்மா வரலை, பெரிய ஸ்கேட்டிங் பைத்தியம். ஒட்டாவாவில அவர் பேர்ல இன்னமும் ஸ்கேட்டிங் கிளப் இருக்கு. அப்புறம் வில்லிங்டன். மதராஸ் கவர்னர், அப்புறம் கனடா கவர்னர் ஜெனரல், அதுக்கப்புறம் வைஸ்ராய். திட்டக்குடி பக்கம் கீழ்ச்செருவாயில இருக்கிற ஏரியை நாம 'வெலிங்டன் ஏரி'ங்கறோமே, அது இந்த வில்லிங்டன் பேர்ல வந்தது. நெப்போலியனை ஜெயிச்ச வெலிங்டனுக்கும் அதுக்கும் சம்பந்தம் கிடையாது.

இத்தனை பேர் கனடாவில குளிர்காலத்தைக் கழிச்சுட்டு இந்தியாவை ஆள வந்திருக்காங்க. அப்போ ஐஸ் ஹாக்கி அவங்க கூடவே வந்து இங்கே வேர் பிடிச்சிருக்கணுமே? பிடிக்கலை. காரணம் ரொம்ப எளிமை. சிம்லா கோடைத் தலைநகரம். வெயில் ஏறும்போது சர்க்கார் மூட்டை கட்டிக்கிட்டு மலை ஏறும், குளிர் வந்தா இறங்கிடும். தண்ணி உறையற டிசம்பர், ஜனவரியில ஆளறவங்க யாரும் அங்கே இருக்க மாட்டாங்க. ஐஸ் இருக்கும்போது துரை இல்லை, துரை இருக்கும்போது ஐஸ் இல்லை.

குளிர்லயும் அங்கேயே தங்கினவங்க ரிங்க்கை உருவாக்கினாங்க. பிளெஸ்ஸிங்டன்னு ஒரு அயர்லாந்துக்காரர். டென்னிஸ் மைதானத்தில குழாய்த் தண்ணி ராத்திரியோட ராத்திரியா உறைஞ்சு கிடந்ததைப் பார்த்துட்டு, அந்த மைதானத்தையே ஸ்கேட்டிங் ரிங்க் ஆக்கினார்னு சிம்லாவில சொல்வாங்க. வருஷம் 1920. ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்ஸ்ல ஐஸ் ஹாக்கி முதல் தடவையா சேர்க்கப்பட்டதும் அதே 1920ல. மிஷின் இல்லாம, வெறும் குளிரை வெச்சே உறையற அந்த சிம்லா ரிங்க் லக்கர் பஜார் பக்கம் இன்னைக்கும் இருக்கு. ஸ்கேட்டிங்கோட அங்கே ஹாக்கியும் ஆடினார்கள்.

ஆனா சிம்லாவோட ஐஸ் கிளப் ஐஸ். உறுப்பினர் சந்தா கட்டினவங்களுக்கான பொழுதுபோக்கு. உயரமும் சுமார் 2,200 மீட்டர்தான், நம்ம ஊட்டி அளவு. ராத்திரி மேகம் போட்டா அன்னைக்கு ஐஸ் கிடையாது. சில மணி நேர ஸ்கேட்டிங்குக்கு அது போதும். ஒரு ஊரே சேர்ந்து ஒரு விளையாட்டைத் தன்னோடதா ஆக்கிக்க அது போதாது.

இப்போ லடாக்குக்குப் போவோம்.

லே நகரம் 3,500 மீட்டர் உயரம். மழை ரொம்பக் குறைவு, விவசாயம் முழுக்க பனிமலை உருகி வர்ற தண்ணியில. உருகற தண்ணி சாயங்காலம் வரும், வயலுக்குக் காலையில வேணும். அதனால ஊருக்கு ஊர் சின்னச் சின்னக் குளம் வெட்டி ராத்திரி தண்ணியைத் தேக்கி வைப்பாங்க. லடாக்கி மொழியில அதுக்கு 'ஜிங்'னு பேர். நம்ம ஏரிப் பாசனத்தோட குட்டித் தம்பின்னு வெச்சுக்குங்க. செப்டம்பர்ல பார்லி அறுவடை முடிஞ்சா அடுத்த விதைப்பு வசந்தத்திலதான். நடுவுல வயல்ல வேலை கிடையாது. ராத்திரி மைனஸ் 20 டிகிரி வரை போகும். குளமெல்லாம் கல்லு மாதிரி ஆயிடும்.

நம்ம பக்கம் ஏரி வத்தினா பசங்க முதல்ல செய்யற வேலை என்ன? ஸ்டம்ப் நடறது. வெடிச்சுக் கிடக்கிற ஏரிக் களிமண்ல கிரிக்கெட் ஆடாத பையன் கடலூர் மாவட்டத்தில உண்டா? அதேதான். வேலையும் இல்லை, தண்ணியும் இல்லை, சமதளமா ஒரு பெரிய இடம் சும்மா கிடக்கு. நமக்கு அது கோடையில கிடைக்குது, அவங்களுக்குக் குளிர்ல.

ஆனா குளம் உறையறது ஆயிரம் வருஷமா உறைஞ்சுக்கிட்டுத்தான் இருக்கு. ஹாக்கி மட்டும் ஏன் 1970கள்ல வந்தது? நடுவுல நடந்தது 1962 சீனப் போர். அந்த வருஷம் அக்டோபர்ல இந்தோ–திபெத் எல்லைக் காவல் படை, ஐடிபிபி, உருவாச்சு. 1963ல லடாக் இளைஞர்களை வெச்சு லடாக் ஸ்கவுட்ஸ் படை. சோஜி லா கணவாய் பனியில மூடிட்டா ஸ்ரீநகர் பாதை மாசக்கணக்கில அடைபட்டுப் போகும். ஆயிரக்கணக்கான சிப்பாய்கள், முக்கால்வாசி இளவட்டம், மலைக்கு நடுவுல முகாம்ல உட்கார்ந்திருக்காங்க. ரோடு இல்லை, லீவு இல்லை, எதிர்ல உறைஞ்ச குளம். 1970களோட தொடக்கத்தில இந்தப் படைக்காரங்கதான் அங்கே ஐஸ் ஹாக்கியை ஆரம்பிச்சாங்க. படையில ஃபீல்டு ஹாக்கி எப்பவும் உண்டு, அதனால மட்டை பிடிச்ச கை ஏற்கெனவே இருந்தது. லடாக்ல குதிரைப் போலோவும் பழைய ஆட்டம், லே நகரத்து நடுவுல போலோ மைதானமே இருக்கு. கம்பால ஒண்ணை அடிச்சு விரட்டற பழக்கம் அந்த ஊர் ரத்தத்தில ஏற்கெனவே இருந்ததுங்கறது என்னோட ஊகம்.

சாமான்? எதுவும் கிடையாது. அதுதான் எனக்கு இந்தக் கதையிலயே ரொம்பப் பிடிச்ச இடம். ராணுவ பூட்ஸ் அடியில இரும்புப் பட்டையை முடுக்கி ஸ்கேட் ஆக்கினார்கள். பக் வேணுமா? பழைய பூட்ஸோட ரப்பர் குதிகாலை வட்டமா அறுத்துக்க வேண்டியது. கம்புக்கு ஊர்ல இருக்கிற மரம். கோல்கீப்பருக்கு ஃபீல்டு ஹாக்கியில கட்டற கால் பட்டை. அந்த பூட்ஸைப் போட்டுக்கிட்டு ஐஸ் மேல திரும்பறதை யோசிச்சுப் பாருங்க. சரியான ஸ்கேட்ல பிளேடோட ரெண்டு விளிம்பும் ஐஸைக் கவ்வும், அதை வெச்சுத்தான் சட்டுன்னு நிக்கறதும் வளையறதும். இரும்புப் பட்டைக்கு அந்த விளிம்பு சரியா வராது. கணுக்காலுக்கும் பிடிமானம் இல்லை. அந்த நிலைமையில ஆடக் கத்துக்கிட்ட தலைமுறை அது.

ரிங்க் செய்யறதும் கை வேலைதான். குளம் உறைஞ்சா மட்டும் போதாது, மேல்தளம் மேடு பள்ளமா இருக்கும். சாயங்காலம் வெயில் போனதும் மெல்லிசா ஒரு பூச்சுத் தண்ணி விடணும். அது உறைஞ்சதும் இன்னொரு பூச்சு. தோசை மாவை மெலிசாப் பரப்பற மாதிரி. ஒரே நேரத்தில நிறைய ஊத்திட்டா மேலே மட்டும் உறைஞ்சு நடுவுல காத்து தங்கிடும், காலை வெச்சா உடையும். பனி கொட்டினா விடியறதுக்குள்ள மண்வெட்டியும் துடைப்பமும் எடுத்துக்கிட்டுப் போய் வாரித் தள்ளணும். லேவில கர்சூ குளமும் குபுக் குளமும் இப்படித்தான் மைதானம் ஆச்சு. இவ்வளவும் செஞ்சு ஆட்டக்காலம் எத்தனை நாள்? டிசம்பர் கடைசியில இருந்து பிப்ரவரி வரைக்கும். ஏறக்குறைய ரெண்டு மாசம்.

1985ல லடாக் குளிர்கால விளையாட்டுக் கழகம் ஆரம்பமாச்சு. அதோட ஆட்டம் முகாம்ல இருந்து ஊருக்குள்ள வந்தது. சிப்பாய்களைப் பார்த்துக் கத்துக்கிட்ட ஊர்ப் பசங்க பெரியவங்களாகி அதே படைகள்ல விளையாட்டு ஒதுக்கீட்டில வேலைக்குச் சேர்ந்தாங்க. லடாக் ஸ்கவுட்ஸ், ஐடிபிபி அணிகளுக்கு ஆடறதுன்னா மாசச் சம்பளம். நம்ம ஊர்ல கபடி ஆடி ரயில்வேயிலயும் போலீஸ்லயும் சேர்ற பசங்க மாதிரி. இந்த வேலைவாய்ப்பு இல்லாம இருந்திருந்தா ஆட்டம் ஒரு தலைமுறையோட நின்னிருக்கும்னுதான் நான் நினைக்கிறேன்.

1989ல இந்திய ஐஸ் ஹாக்கி சங்கம் உருவாகி, ஏப்ரல் 27 அன்று சர்வதேச ஐஸ் ஹாக்கி கூட்டமைப்பில இந்தியா உறுப்பினர் ஆச்சு. சரி, முதல் சர்வதேசப் போட்டி எப்போ? 2009. எண்ணிப் பாருங்க, 20 வருஷம். உறுப்பினர் அட்டை இருக்கு, ஆட்டக்காரங்க இருக்காங்க, குளத்தில ஒவ்வொரு குளிருக்கும் போட்டி நடக்குது. ஆனா சர்வதேச அளவில முழு ரிங்க் நாட்டிலயே கிடையாது, டிக்கெட் போட்டு அனுப்பப் பணமும் கிடையாது. 20 வயசுல நல்லா ஆடின ஒருத்தன் 40 வயசுல வேடிக்கை பார்க்கற காலம் வரைக்கும் காத்திருக்கணும். பேர் எந்தப் பதிவுலயும் ஏறாமலே ஆடி முடிச்ச ஒரு முழுத் தலைமுறை லேவில இருக்கு. சிம்லா ரிங்க்குக்கு 1920ன்னு வருஷமும் பிளெஸ்ஸிங்டன்னு பேரும் இருக்கிற மாதிரி அவங்களுக்கு இல்லை.

2009 மார்ச், அபுதாபி, ஆசிய சவால் கோப்பை. குளத்தில ஆடினவங்க சர்வதேச ரிங்க்ல கால் வைக்கிறாங்க. 60 மீட்டர் நீளம், சுத்தி உயரமான தடுப்புச் சுவர். அந்தச் சுவர் வெறும் வேலி இல்லை, அதுல பக்கை அடிச்சு எதிராளியைச் சுத்தித் திருப்பி வாங்கறது ஆட்டத்தில பாதி. குளத்தைச் சுத்திப் பலகை வெச்சு ஆடினவங்களுக்கு அந்தத் திருப்பம் பழக்கமே இல்லை. எல்லா ஆட்டத்திலயும் தோல்வி. முதல் வெற்றி வர 2012 ஆச்சு. டேராடூன்ல, மக்காவ் அணிக்கு எதிரா.

அந்த டேராடூன் ரிங்க்கைப் பத்தி ஒரு வார்த்தை. 2011ல தெற்காசியக் குளிர்கால விளையாட்டுக்காகக் கட்டினது. விளையாட்டு முடிஞ்சு கொஞ்ச காலத்திலயே மூடிட்டாங்க. மின்சாரச் செலவும் பராமரிப்பும் கட்டுப்படியாகலை. பல வருஷம் பூட்டிக் கிடந்து, 2025லதான் மறுபடி திறந்தாங்க. சமவெளியில ஐஸை உறைய வைக்கறதுன்னா ராப்பகலா கரண்ட் ஓடணும். கரண்ட் எப்படி வருது, அதுக்கு எவ்வளவு மண்ணைத் தோண்டணும்னு நெய்வேலிக்காரங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இப்போ பெண்கள். இந்த வரலாற்றில ரொம்ப மேடான பகுதி இது. படையில இருந்து வந்த ஆட்டம், அதனால பெண்களுக்கு அப்போ அதுல இடமும் இருக்கலை, அது காட்டற சம்பளமும் இருக்கலை. ரிங்க் கிடைக்கிற ரெண்டு மாசத்தில ஆண்கள் அணிகளுக்குத்தான் முதல் உரிமை. ஆண்கள் ஆடி முடிச்ச மிச்ச நேரம் பெண்களுக்கு. ஸ்கேட்டும் கடன் வாங்கினது, அளவு பெருசு, உள்ளே ரெண்டு மூணு சாக்ஸ் போட்டுக்கிட்டு ஆடணும். ஃபே கிராமத்துக்கிட்ட இருக்கிற செக்மோல் கல்வி வளாகத்தில மாணவர்களே தண்ணி விட்டு ரிங்க் செஞ்சு, பொண்ணுங்களும் பசங்களும் ஆடினாங்க. அங்கேயிருந்தும் லே நகரத்தில இருந்தும் வந்த பொண்ணுங்க சேர்ந்துதான் பின்னாடி லடாக் மகளிர் ஐஸ் ஹாக்கி அறக்கட்டளையை ஆரம்பிச்சு, கிராமம் கிராமமா போய்ச் சின்னப் பிள்ளைகளுக்கு முகாம் நடத்தினாங்க.

2016ல தைபே நகரத்தில இந்திய மகளிர் அணி முதல் தடவையா ஆடிச்சு. சிங்கப்பூர்கிட்ட 8–1. அடுத்த வருஷம் பாங்காக்ல பிலிப்பைன்ஸை 4–3ன்னு ஜெயிச்சாங்க, முதல் வெற்றி. ஆண்களுக்கு உறுப்பினர் ஆனதுக்கும் முதல் வெற்றிக்கும் நடுவுல 23 வருஷம், இவங்களுக்கு முதல் போட்டிக்கும் முதல் வெற்றிக்கும் நடுவுல ஒரே வருஷம். அந்த அணியோட கோல்கீப்பர் நூர் ஜஹான். அவரோட தொழில் என்ன தெரியுமா? லடாக் மடாலயங்கள்ல இருக்கிற பழைய சுவரோவியங்களைப் பழுது பார்த்துப் பாதுகாக்கறது. கோடையில நூற்றாண்டுப் பழமையான வர்ணத்தைத் தூரிகையால தொட்டுத் துடைக்கற அதே கை, குளிர்ல பறந்து வர்ற ரப்பர் வட்டைப் பிடிக்குது.

2018 ஜனவரியில கனடாவில இருந்து ஒருத்தர் லடாக் வந்தார். ஹேலி விக்கன்ஹெய்சர். ஒலிம்பிக்ஸ்ல நாலு தங்கம் வாங்கினவர், பெண்கள் ஐஸ் ஹாக்கியில அவருக்கு மேல பேர் கிடையாது. மூட்டை மூட்டையா சாமானோட வந்து, அந்தப் பொண்ணுங்களோட ஐஸ்ல இறங்கி ஆடினார். டஃபரின், லான்ஸ்டவுன், மிண்டோ, வில்லிங்டன்னு நாலு பேர் கனடாவில இருந்து வந்தும் இறங்காத ஆட்டம். இவர் வந்தபோது அது ஏற்கெனவே அங்கே இருந்தது. அதே 2018ல லடாக்ல சிப்ரா கார்க்யம்ங்கற இடத்தில 4,361 மீட்டர் உயரத்தில ஒரு ஆட்டம் நடந்து கின்னஸ்ல ஏறிச்சு. நம்ம தொட்டபெட்டா 2,637 மீட்டர்தான். அங்கே படி ஏறினாலே நமக்கு மூச்சு வாங்கும்.

2019 அக்டோபர் 31ல லடாக் தனி யூனியன் பிரதேசம் ஆச்சு. அதுவரைக்கும் ஜம்மு காஷ்மீர் பேர்ல ஆடினவங்க அதுக்கப்புறம் லடாக்குன்னே பேர் போட்டு ஆடறாங்க. 2024 பிப்ரவரியில கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டோட ஐஸ் பகுதி முதல் தடவையா லேவில நடந்தது. என்டிஎஸ் மைதானத்தில இப்போ மிஷின் வெச்ச செயற்கை ரிங்க் இருக்கு, குபுக் குளத்திலயும் ஆட்டம் நடந்தது. லடாக்ல செயற்கை ரிங்க் எதுக்குன்னு எனக்கும் முதல்ல சிரிப்பு வந்தது. ஆனா குளிர் தள்ளித் தள்ளி வருது, குளம் உறையற நாள் குறையுது. ரெண்டு மாச ஆட்டக்காலத்தில பதினைஞ்சு நாள் போனாலே கால்வாசி போச்சு. மிஷின் இருந்தா அந்த நாட்கள் தப்பும்.

2025 ஜூன்ல, ஐக்கிய அரபு எமிரேட்ஸ்ல அல் ஐன் நகரத்தில நடந்த மகளிர் ஆசியக் கோப்பையில இந்தியா வெண்கலம் வாங்கிச்சு. அணியில பெரும்பாலும் லடாக் பொண்ணுங்க, மத்தவங்க இமாச்சல். நம்ம பேப்பர்கள்ல விளையாட்டுப் பக்கத்து மூலையில ரெண்டு வரி வந்தது.

நெய்வேலி நேயருக்கு, தங்கச்சி பையன் அடுத்த தடவை கூப்பிட்டா லேன்னு ஒரு ஊர் இருக்குன்னு சொல்லுங்க. பூட்ஸ் குதிகாலை அறுத்த கதையையும் சேர்த்துச் சொல்லுங்க, பசங்களுக்குப் பிடிக்கும். அடுத்த எபிசோட்லயும் ஐஸ்தான். அமெரிக்காவில குளத்தில அறுத்த ஐஸ் கப்பல் ஏறி மதராஸ் கடற்கரைக்கு வந்ததே, அந்த 1842 ஐஸ் ஹவுஸ் கதை. பந்தல் வேலை இன்னும் முடியலை போல.